போனில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு: மழை எச்சரிக்கையைப் படிக்கக் கத்துக்குவோம்

ஐப்பசி பிறந்ததும் உங்கள் போனுக்கும் வந்திருக்கும்: "டெல்டா மாவட்டங்களுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை." பார்த்ததும் நாம என்ன செய்றோம்? குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிட்டு, ஸ்கூல் லீவான்னு டிவியைப் போடுறோம். அதே செய்தியை, குறுவை அறுத்து நெல்லைக் களத்தில் கொட்டி வைத்திருப்பவர் பார்த்தால் அவருக்கு அது நாலு மாத உழைப்பைப் பற்றிய செய்தி. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான விதி. ஒரு ராத்திரி மழை போதும், காய்ந்த நெல் அந்த அளவைத் தாண்டிவிடும். இரண்டு நாள் நனைந்து கிடந்தால் முளையே விட்டுவிடும்.

முதலில் நிறம். இந்திய வானிலை ஆய்வுத் துறை நாலு நிறம் வைத்திருக்கிறது. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனிச்சுக்கிட்டே இருங்க. ஆரஞ்சு என்றால் தயாரா இருங்க. சிவப்பு என்றால் உடனே செயல்படுங்க. நிறத்தை மழை அளவாக மட்டும் பார்க்காதீங்க. அதனால் என்ன பாதிப்பு வரும், நாம என்ன செய்யணும் என்பதும் அதில் இருக்கிறது.

அளவு வேறு கணக்கு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. 204.4 மி.மீ. வரை மிக கனமழை. அதற்கும் மேலே அதி கனமழை. அந்த 24 மணி நேரம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. இது தெரியாமல்தான் "நேத்து ராத்திரி பெஞ்ச மழையை இன்னிக்குக் கணக்குல போட்டுட்டாங்க" என்று டீக்கடையில் சண்டை நடக்கிறது!

மில்லிமீட்டர் என்றதும் சின்னதாகத் தெரியும். ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். அப்போ 70 மி.மீ. பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது 2.8 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் கிட்டத்தட்ட 24 லாரி. வடிகாலைத் தூர்வாராமல் விட்டால் இவ்வளவும் சம்பா நாற்றின் தலைமேல்தான் நிற்கும். ஊருக்குள்ளும் இதே கணக்குதான். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் அதே மழைக்கு 6,500 லிட்டர் கிடைக்கும். மழைநீர்க் குழாயை அடைத்து வைத்திருந்தால் அது தெருவுக்குத்தான் போகும்.

அறிக்கையில் பலரும் தாண்டிப் போகிற வார்த்தை "ஓரிரு இடங்களில்". மாவட்டத்தின் மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாத இடங்களில் மழை என்று அதற்குப் பொருள். உங்க வயலில் தூறல்கூட விழாமல் போகலாம், பக்கத்து ஊரில் கொட்டலாம். அறிக்கை பொய் ஆகிவிடாது.

வானிலை என்பது இன்றைக்கும் நாளைக்கும் நடப்பது. காலநிலை என்பது 30 ஆண்டுச் சராசரி. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. அது எப்போ, எவ்வளவு வேகமாக வருகிறது என்பதில்தான் சிக்கல். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. அந்த மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையைவிட இது அதிகம். சராசரியை நம்பி உட்கார முடியாது.

அதனால் செயலிகளைச் சும்மா இறக்கி வைக்காமல் பயன்படுத்துங்க. 'மேகதூத்' செயலியில் செவ்வாயும் வெள்ளியும் உங்கள் மாவட்டத்துக்கான வேளாண் ஆலோசனை வரும், தமிழிலேயே. யூரியா மேலுரம் போடும் முன் அதைப் பாருங்க. அடுத்த நாள் கனமழை என்றால் உரக்காசு வாய்க்காலோடு போய்விடும். மருந்து தெளிப்பதும் அப்படித்தான். இடிக்கு 'தாமினி' செயலி இருக்கிறது. பக்கத்தில் மின்னல் ஆபத்து இருந்தால் முன்கூட்டியே சொல்லும். நடவில், களையெடுப்பில் இருப்பவர்கள் உடனே கரையேறி, கட்டடத்துக்குள் போகணும். புளியமரத்தடிக்குப் போகக் கூடாது.

சேதம் வந்துவிட்டால் நேரம் முக்கியம். பயிர்க் காப்பீட்டில் தனி வயலில் ஏற்படும் வெள்ளச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அறுத்து வயலில் காயப் போட்ட பயிருக்கு 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு. ஆனால் உங்கள் பயிருக்கும் ஊருக்கும் இந்தப் பிரிவு அறிவிக்கப்பட்டிருக்கிறதா, பதிவுக்குக் கடைசித் தேதி என்ன என்பதை வேளாண் உதவி அலுவலரிடம் மழைக்கு முன்பே கேட்டு வைங்க. தண்ணீர் வடிந்த பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை. காப்பீட்டு உதவி எண் 14447. தேதியும் இடமும் தெரியும்படி வயலைப் போட்டோ எடுத்து வைங்க.

வெள்ள ஆபத்துக்கு மாவட்ட எண் 1077, மாநில எண் 1070. புயலில் முதலில் போவது கரண்ட், அடுத்தது டவர். ஆகவே ஆரஞ்சு வந்த அன்றே போனை முழுசா சார்ஜ் போட்டு, இந்த எண்களை ஒரு காகிதத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டி வைங்க.