சீவாளியைப் பதம் பார்ப்பது எப்படி?

நாக்பூரில் நம் கோயில் மண்டபத்தில் நாதஸ்வரம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் ஒரே குறையைச் சொல்கிறார்கள். "சார், பையனுக்கு மூச்சு போதவில்லை. பத்து நிமிஷம் ஊதினால் உதடு வலிக்கிறது என்கிறான். நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறோம்." நிறுத்துவதற்கு முன் அவன் சீவாளியை ஒரு தடவை பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். நான் வித்வான் அல்ல. ரயில்வேயில் பல ஆண்டுகள் பிரேக் குழாய்களில் காற்றுக் கசிவைத் தேடியவன். ஓய்வுபெற்ற பின் வித்வான் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கைவேலையைக் கற்றுக்கொண்டேன்.

நாதஸ்வரத்தின் உச்சியில் உலோகக் கெண்டை. அதன் மேல் சீவாளி. காவிரிக் கரையில் வளரும் கொறுக்கைத் தட்டையை வேகவைத்து, காயவைத்து, மடித்து, நூலால் இறுகக் கட்டிச் செய்வது. திருவாவடுதுறை இதற்குப் பேர்போன ஊர். கும்பகோணம்-மயிலாடுதுறை பாதையில் ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவில் வரும் நரசிங்கன்பேட்டையில் வாத்தியம் செய்கிறார்கள். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாத்தியம் பல்லாண்டு உழைக்கும். சீவாளி அப்படியில்லை, தேய்ந்துகொண்டே போகும் பண்டம்.

சீவாளியின் இரண்டு இதழ்களுக்கும் நடுவே மெல்லிய கண் போன்ற வாய் இருக்கிறது. ஊதும்போது அது விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மூடித் திறக்கிறது. இதழ் தடித்திருந்தால் அதை அசைக்கவே மூச்செல்லாம் செலவாகிவிடும். சுருதியைச் சற்றே ஏற்றி இறக்கிக் கமகம் காட்டுவது மூச்சும் உதடும் செய்யும் வேலை. முரட்டுச் சீவாளியில் அதற்கு இடமே இராது. கச்சேரி வித்வானுக்குப் பிடித்த அழுத்தமான சீவாளியைப் பன்னிரண்டு வயதுப் பையன் வாயில் வைத்தால் அவன் என்ன செய்வான்?

வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இரண்டு இதழ்களும் ஒரே கனமாகத் தெரியவேண்டும். ஒரு பக்கம் இருட்டாகவும் மறுபக்கம் வெளுப்பாகவும் இருந்தால் வேண்டாம். நார் நேராக ஓடவேண்டும். பச்சை நிறம் மிச்சமிருந்தால் தட்டை சரியாகக் காயவில்லை என்று அர்த்தம். வாத்தியம் பாரியா, திமிரியா என்பதையும் சொல்லி வாங்குங்கள். நீளமான பாரிக்குரியது குட்டையான திமிரிக்கு ஒத்துவராது.

அடுத்தது கசிவுச் சோதனை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்! சீவாளியை நனைத்துக் கெண்டையில் பொருத்தி, கெண்டையின் அடிவாயை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு மெதுவாக ஊதுங்கள். இதழின் ஓரத்திலோ நூல்கட்டிலோ காற்று கசிந்தால் ஈர உதட்டில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். வாக்குவம் பிரேக் காலத்தில் ஒரு ரப்பர் வளையம் வெடித்திருந்தால் வண்டியே நகராது. இங்கும் அதே கதைதான். கசியும் சீவாளியில் எவ்வளவு மூச்சு இருந்தாலும் போதாது. நூல்கட்டுத் தளர்ந்திருந்தால் மறுபடி இறுக்கிக் கட்டலாம். இதழ் வெடித்திருந்தால் தூர எறியவேண்டியதுதான்.

கசிவு இல்லை, ஆனாலும் கனமாக ஊதுகிறது என்றால் திருத்தலாம். எதைச் செய்தாலும் நன்றாக நனைத்த பிறகே செய்யவேண்டும். காய்ந்த சீவாளியைக் கை வைத்தால் வெடிக்கும். வாய் அதிகம் திறந்திருந்தால் இதழ்களின் தட்டையான முகத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துச் சற்று நேரம் அமுக்குங்கள். மூடிக்கொண்டிருந்தால் இரு ஓரங்களையும் அமுக்கினால் வாய் திறக்கும். பத்தில் ஏழு தடவை இதுவே போதும். கத்தி கடைசியில்தான். கூரான கத்தியால் இரண்டு பக்கமும் சமமாக, தூள் மட்டும் வரும்படி சுரண்டி, உடனே ஊதிப் பார்த்து, மறுபடி சுரண்டவேண்டும். சுரண்டினால் இளகும், நுனியை வெட்டினால் விறைக்கும், சுருதியும் ஏறும். வெட்டியதை ஒட்ட முடியாது. ஆகையால் பிள்ளைகள் கையில் கத்தியைக் கொடுக்காதீர்கள், வித்வானிடம் கொடுங்கள்.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. பங்குனி உத்திரத்துக்குக் கும்பகோணத்திலிருந்து வரும் கோஷ்டி, அங்கே இதமாகப் பேசிய சீவாளி இங்கே பிடிவாதம் பிடிக்கிறது என்று திகைப்பதைப் பார்க்கிறோம். மார்ச் பிறந்தாலே நாக்பூர்க் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. பிள்ளைகளும் டெசர்ட் கூலர் ஓடும் அறையில் சாதகம் செய்துவிட்டு வெளியே பந்தலுக்கு வந்தால் சீவாளி ஐந்து நிமிஷத்தில் விறைத்துப்போகிறது. ஊதாத நேரத்தில் அடிக்கடி நனையுங்கள். வீட்டில் காற்றோட்டமுள்ள சின்ன மரப்பெட்டி போதும். ஈரத்தோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

புதுச் சீவாளியை முதல் நாளே ஒரு மணி நேரம் ஊதக்கூடாது. பத்து நிமிஷம், மறுநாள் பதினைந்து என்று பழக்குங்கள். குறைந்தது நான்கைந்தாவது கைவசம் இருக்கட்டும். வாத்தியத்தில் கொத்தாகத் தொங்கும் சீவாளிகளை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவை எல்லாம் உபரி. ஒவ்வொன்றின் நூலிலும் ஒரு வண்ண முடிச்சுப் போட்டு, எது இளசு, எது அழுத்தம் என்று நோட்டில் எழுதி வையுங்கள். ஊரிலிருந்து யாராவது வரும்போது எந்த மாதிரி வாங்கிவரச் சொல்வது என்பது அந்த நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.