எவ்வளவு பயப்படலாம்?
நிபா பரவும் நாளில் கூடலூரில் இருக்கும் மகளுக்குப் பெரியப்பா எழுதுவது

அன்புள்ள மகளுக்கு,

மலப்புரத்தில் மறுபடியும் நிபா என்று செய்தி வந்ததிலிருந்து உங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை என்று உன் அம்மா சொன்னாள். இருக்காதா பின்னே? நாடுகாணி மலையை இறங்கினால் மலப்புரம் மாவட்டம். பெரிய வைத்தியம் என்றால் கூடலூர்க்காரர்கள் ஓடுவது பெரிந்தல்மண்ணாவுக்கும் கோழிக்கோட்டுக்கும்தான். உன் மாமியாரும் போன மாதம் போய்வந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா, கொல்லையில் நிற்கும் கொய்யா மரத்தை வெட்டிவிடலாமா, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடலாமா, மாடியில் குடியிருக்கும் நர்ஸ் பெண்ணைக் காலி பண்ணச் சொல்லலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர் என்பதால் பெரியப்பாவிடம் கேட்கிறாய். ‘பயப்படாதே’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் அது பதில் ஆகாது. நிபா பயப்பட வேண்டிய நோய்தான். எதற்குப் பயப்படுவது, எந்த அளவுக்குப் பயப்படுவது என்பதில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன.

முதலில் தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணைப் பார்த்துவிடலாம். நிபா வந்தவர்களில் நூற்றுக்கு 40 முதல் 75 பேர் வரை இறக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2018-இல் கேரளத்தில் நோய் கண்ட 19 பேரில் 17 பேர் இறந்தார்கள். இதைக் கேட்ட எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும்.

ஆனால் ஒரு நோய் வந்தவர்களில் எத்தனை பேரைக் கொல்கிறது என்பது ஒரு கணக்கு. அது ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு எவ்வளவு சுலபமாகத் தாவுகிறது என்பது வேறு கணக்கு. செய்தி வாசிப்பவர் முதல் கணக்கை உரக்கச் சொல்வார். வீட்டில் இருப்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டாவது கணக்கை.

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கத்தில் நடந்ததைப் பார். மே 5-ஆம் தேதி ஓர் இளைஞர் காய்ச்சலில் இறந்தார். என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. சில நாளில் அவருடைய சகோதரரும் அதே குறிகளோடு கோழிக்கோட்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தார். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இப்படி ஒரு மூளைக்காய்ச்சலா என்று அங்கிருந்த மருத்துவர்கள் சந்தேகப்பட்டு, மணிப்பாலில் உள்ள வைரஸ் ஆய்வு மையத்துக்கு மாதிரிகளை அனுப்பினார்கள். இரண்டாவது நோயாளியிலேயே நோயைப் பிடித்துவிட்டது எத்தனை பெரிய காரியம் என்பது இந்தத் துறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனமும் நிபாதான் என்று உறுதி செய்தது. அந்தக் குடும்பத்தில் மட்டும் நான்கு பேர் போனார்கள்.

மற்றவர்களுக்கு எங்கே தொற்றியது? சந்தையிலும் பேருந்திலும் இல்லை. பெரும்பாலோருக்கு மருத்துவமனையில்தான். முதல் நோயாளி பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் படுத்திருந்த நேரத்திலும், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த நடைபாதையிலும் அவருக்கு மிக அருகில் இருந்தவர்களுக்கு வந்தது. உடனிருந்து கவனித்தவர்கள், பக்கத்தில் நின்றவர்கள், ஊசி போட்ட நர்ஸ். நோய் முற்றி, இருமலும் மூச்சுத்திணறலும் வந்த கட்டத்தில்தான் நிபா அதிகம் பரவுகிறது. எச்சில், சளி, வாந்தி போன்றவை நேரடியாகப் படும்படி நெருங்கியிருப்பவர்களுக்குத்தான் ஆபத்து. 2018-இல் நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்கள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறு வருஷம் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு வந்தது. தொடர்பில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை. அந்த மாணவரும் பிழைத்துக்கொண்டார்.

கொரோனாவின் குணம் இதற்கு நேர்மாறு. அது வந்தவர்களில் சிறு பங்கைத்தான் கொன்றது. ஆனால் காய்ச்சல் தெரிவதற்கு முன்பே, நன்றாக நடமாடுகிறவரிடமிருந்தே பரவியது. அதனால்தான் உலகம் முழுக்கப் போனது. 2003-இல் வந்த சார்ஸ் எட்டாயிரத்துச் சொச்சம் பேரைப் பிடித்து 774 பேரைக் கொன்றது என்றாலும், ஆள் நன்றாக நோயில் விழுந்த பிறகே அதிகம் பரவியதால், நோயாளிகளைத் தனிமைப்படுத்தியே சில மாதங்களில் அதை அடக்க முடிந்தது. ஆகவே நாளைக்கு வேறொரு பெயரில் புதிதாக ஒன்று வந்தாலும் இதைத்தான் முதலில் கேள்: எந்த வழியாகப் பரவுகிறது, நோயின் எந்தக் கட்டத்தில் பரவுகிறது, அந்த வழியில் நம் வீட்டார் யாராவது நிற்கிறார்களா?

இப்படிக் கேட்டுப் பார்த்தால் உன் மாமியார் விஷயம் தெளிவாகிவிடும். நிபா தொற்றினால் பெரும்பாலும் 4 முதல் 14 நாளுக்குள் குறி காட்டும். எச்சரிக்கைக்காகச் சுகாதாரத் துறை கண்காணிப்பில் வைப்பது 21 நாள். சம்பந்தி அம்மா பெரிந்தல்மண்ணாவிலிருந்து திரும்பி அதைவிட அதிக நாள் ஆகிவிட்டது. அவர் போனது கண்ணுக்கு. நிபா நோயாளி இருந்த மருத்துவமனைக்கும் அவர் போகவில்லை. யாரும் அவரைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துக் கூப்பிடவும் இல்லை. பேரப்பிள்ளைகளை அவர் மடியில் உட்காரவிடாமல் வைத்திருக்கிறாயாமே. இன்றைக்கே விடு.

பிள்ளைகளின் பள்ளிக்கும் இதே பதில்தான். 2018-இல் கோழிக்கோட்டில் பள்ளி திறப்பைத் தள்ளிப்போட்டது அரசு. 2023-இல் அங்கே கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவித்துப் பள்ளிகளை மூடினார்கள். அங்கே அதற்குக் காரணம் இருந்தது. உங்கள் மாவட்டத்தில் அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் கேள்வி கேட்காமல் கட்டுப்படுங்கள். வராத வரை பிள்ளைகள் பள்ளிக்குப் போகட்டும்.

பயம் தவறான பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவே சாட்சி. 1998 கடைசியில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலில் விழ ஆரம்பித்தார்கள். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, மாதக்கணக்கில் கொசுப்புகை அடித்தார்கள், அதற்கான தடுப்பூசியும் போட்டார்கள். சாவு நிற்கவில்லை. அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியோடு புழங்கிய பெரியவர்கள். இந்த முரண்பாடு இடித்துக்கொண்டே இருந்தது. 1999-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் நிபா என்ற இந்தப் புதிய வைரஸைக் கண்டுபிடித்த பிறகுதான் வழி தெரிந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று நோயை நிறுத்தினார்கள். அதற்குள் நோய் கண்ட சுமார் 265 பேரில் 105 பேர் இறந்திருந்தார்கள். அங்கே யாரும் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் கவலைப்பட்டார்கள், பாடுபட்டார்கள். நோயின் வழி தெரியாததால் அந்தப் பாடெல்லாம் கொசுவின் மேல் போனது.

உன் கொய்யா மரத்துக்கு வருகிறேன் என்று நீ காத்திருப்பாய். வெட்டாதே. நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பது உண்மை. 2018-இல் அந்தப் பேராம்பிராக் குடும்பத்தின் கிணற்றில் பிடித்த வௌவால்கள் பூச்சி தின்பவை. அவற்றில் கிருமி இல்லை. பிறகு அந்தப் பகுதியின் பழந்தின்னி வௌவால்கள் சிலவற்றில் கிடைத்தது. அதற்காக மரத்தை வெட்டி வௌவாலை விரட்டினால் அது செத்தா போகும்? கலைந்து வேறு இடங்களுக்குப் போகும், அவ்வளவுதான். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் வௌவால்களைக் காக்கிற ஊர்கள் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. அங்கே தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் வாழ்கிறார்கள். வங்காளதேசத்தில் குளிர்காலத்தில் இறக்கும் பச்சை ஈச்சஞ்சாற்றில் வௌவால் வாய் வைப்பதால் நோய் வருகிறது என்று நிரூபித்திருக்கிறார்கள். அதிலிருந்து நமக்குத் தேவையான எச்சரிக்கை சின்னது. கடித்த பழம், கீறல் விழுந்த பழம், தரையில் கிடக்கும் பழம் வேண்டாம். நல்ல பழத்தைக் கழுவித் தோல் சீவிக் கொடு. திறந்த பானையில் இறக்கிய கள்ளும் பதநீரும் இந்த மாதங்களில் வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். 2018-இல் பயத்தில் வளைகுடா நாடுகள் கேரளப் பழங்களுக்கே தடை போட்டன. பழத்தையே விட்டுவிட வேண்டிய அவசியம் நம் வீட்டுக்கு இல்லை.

ஊரை விட்டுக் கிளம்பும் யோசனையை அடியோடு விடு. 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்று செய்தி பரவியதும் சில நாளில் லட்சக்கணக்கானோர் ரயிலிலும் பேருந்திலும் ஏறிப் பறந்தார்கள். மருத்துவர்களிலும் சிலர் ஓடினார்கள். டெட்ராசைக்ளின் என்ற மலிவான மாத்திரையில் குணமாகக்கூடிய நோய் அது. ஓடியவர்கள் நோயையும் கூடவே கொண்டுபோயிருக்க முடியும். இருந்தவர்களுக்கோ மாத்திரை தட்டுப்பாடு. புதிய நோய் வரும்போது உன்னுடைய பி.எச்.சி., உன் தெரு நர்ஸம்மா, உன்னைத் தெரிந்த டாக்டர் இருக்கும் ஊர்தான் பாதுகாப்பான ஊர்.

மாடிவீட்டு நர்ஸ் பெண்ணைப் பற்றி நீ எழுதியிருந்த வரிதான் பெரியப்பாவை மிகவும் வருத்தியது. பேராம்பிரா மருத்துவமனையில் முதல் நோயாளியைக் கவனித்த லினி புதுசேரி என்ற நர்ஸ் 2018 மே 21-ஆம் தேதி நிபாவில் இறந்தார். இரண்டு சின்னப் பையன்கள். கணவர் பஹ்ரைனில் வேலையில் இருந்தார். தனிமை வார்டிலிருந்து கணவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். தொற்று பரவக்கூடாதென்று உடலைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாமல் தகனம் செய்தார்கள். நாடே அவரைப் போற்றியது. அதே நாட்களில், அதே மருத்துவமனையில் அவரோடு வேலை செய்த நர்ஸுகளைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார விடவில்லை, ஆட்டோவில் ஏற்றவில்லை. இறந்தவரைக் கும்பிட்டுக்கொண்டு, உயிரோடு வேலைக்குப் போகிறவரை விரட்டினால் அது என்ன நியாயம்? நோயாளியைத் தொட்டிருந்தால் அந்தப் பெண்ணைத்தான் சுகாதாரத் துறை முதலில் கண்காணிக்கும். அவருக்கு முகக்கவசமும் கையுறையும் எப்போது போட வேண்டும் என்று உன்னைவிட நன்றாகத் தெரியும். உன் மாமியார் எவ்வளவு சொன்னாலும், அவரைக் காலி பண்ணச் சொல்லக்கூடாது. இதில் பெரியப்பாவுக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பட்டியலில் பெயர் வந்து அவர் மாடியில் தனித்திருக்க நேர்ந்தால், வாசலில் சாப்பாடு வைத்துவிட்டு வா. அப்படிச் செய்தால் தொற்றாது.

அடுத்தவர் ஒதுக்கிவிடுவார்களே என்ற அச்சத்தில்தான் ஜனங்கள் காய்ச்சலை மறைக்கிறார்கள். இந்த நோயில் மிகவும் ஆபத்தானது அந்த மறைப்புதான். வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு கடும் தலைவலி, குழப்பமான பேச்சு, அசாதாரணத் தூக்கம், மூச்சுத்திணறல் என்று வந்தால், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். 104-க்கு அழைத்துக் கேளுங்கள். மருத்துவமனைக்குப் போனால் மலப்புரமோ கோழிக்கோடோ எப்போது போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். நோயாளிக்கு ஒரே ஆள் துணை இருக்கட்டும், முகக்கவசத்தோடு. வாட்ஸ்அப்பில் வரும் கஷாயமும் மருந்தும் வேண்டாம். 2020-இல் சாராயம் குடித்தால் கொரோனா வராது என்று நம்பி, மெத்தனால் கலந்ததைக் குடித்து ஈரானில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள்.

இன்னொன்று. புதிய நோய் கவனத்தையெல்லாம் இழுத்துக்கொண்டால், வீட்டில் பழைய எதிரி நுழைந்துவிடும். காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2018 முதல் 2020 வரை நடந்த எபோலா பரவலில் சுமார் 2,300 பேர் இறந்தார்கள், உலகமே பதறியது. அதே காலத்தில் அதே நாட்டில் தட்டம்மை ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பெரும்பாலும் குழந்தைகள். அதற்குத் தடுப்பூசி இருந்தது. நாய்க்கடியையும் நினைத்துப் பார். ரேபிஸ் முற்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. உலகில் ரேபிஸில் சாகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் இந்தியாவில். கடித்த உடனே போட்டால் காப்பாற்றும் ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். உன் பெரியவனை நாய் கடித்தபோது இரண்டாவது தவணையோடு விட்டுவிட்டீர்களாமே. நிபாவுக்குப் பயந்து பழத்தைத் தூக்கிப்போட்ட வீட்டில் இது நடக்கலாமா? நாளைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போய், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று டாக்டரைக் கேள்.

சின்னவளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை பாக்கி இருக்கிறதென்று உன் அம்மா சொன்னாள். மருத்துவமனைப் பக்கமே போக வேண்டாம் என்று தள்ளி வைத்திருக்கிறாயாம். புதன்கிழமை தடுப்பூசி நாள். அட்டையை எடுத்துக்கொண்டு இந்தப் புதன்கிழமையே போய்ப் போட்டுவிட்டு, மறக்காமல் ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
உன் பெரியப்பா