மழைக்கால மலைப்பாதையில் டயர் கற்பிக்கும் பாடம்

'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனைக்கே அடி சறுக்கும் என்றால், நான்கு ரப்பர் வளையங்களை நம்பி மலையேறும் வண்டிகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? புது வண்டி வாங்கியதும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்படுகிறோம். அன்று பார்த்த டயரைப் பிறகு பஞ்சராகும் நாளில்தான் மறுபடி பார்க்கிறோம். சென்ற அக்டோபர் மாதம் வரை நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறார். காலையில் அது தேயிலைக் கொழுந்து மூட்டைகளைச் சுமக்கும். மாலையில் எங்கள் ஐவரைச் சுமக்கும். அன்று மாலை தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் எதிரே மாடு வரவே, மாமா பிரேக்கை அழுத்தினார். சக்கரங்கள் நின்றன, ஆனால் வண்டி நிற்கவில்லை. ஈரத்தில் வழுக்கிக்கொண்டே சென்று, மேட்டுப் பக்கத்து மண்சுவரில் இடித்து நின்றது. எங்கள் சாப்பாட்டுத் தூக்குகள் உருண்டதைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாலையின் மறுபக்கம் பள்ளம். அதைப் பற்றி அன்று நாங்கள் ஒருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் அறிவியல் வகுப்பில் நடந்ததைச் சொன்னோம். சிஸ்டர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "சக்கரம் நின்றது என்கிறீர்கள். பிறகு வண்டி ஏன் நிற்கவில்லை?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு கேள்விக்கு விடை தேடி நாங்கள் படித்ததையும், ஓட்டுநர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே தருகிறோம்.

இரு பருவமழை காணும் மாவட்டம்

நம் நீலகிரிக்கு இரு பருவங்களிலும் மழை உண்டு. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர், நடுவட்டம் பகுதிகள் நனையும். வடகிழக்குப் பருவத்தில் குன்னூரும் கோத்தகிரியும் நனையும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இத்தகைய மாவட்டத்தில் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகளும், உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 வளைவுகளும் உள்ளன.

நம் மலை ரயிலை எண்ணிப் பாருங்கள். 1899-ஆம் ஆண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை அது ஓடத் தொடங்கியது. செங்குத்தான ஏற்றத்தில் வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுக்கும் என்று அறிந்த பொறியாளர்கள், கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த சட்டங்களைப் பதித்தார்கள். இஞ்சினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது, இறங்குகிறது. அதன் அருகே செல்லும் சாலையில் ஓடும் காருக்கும் பேருந்துக்கும் இத்தகைய பல் கிடையாது. அவற்றுக்கு உள்ளதெல்லாம் டயரின் பிடிப்பு ஒன்றே.

ஈரத்தில் நடப்பது என்ன?

ஒரு காரின் டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவே. நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான் வண்டியையும் அதிலுள்ள உயிர்களையும் சாலையோடு பிணைக்கிறது. உலர்ந்த சாலையில் ரப்பர், தாரின் சொரசொரப்பைக் கவ்விக்கொள்ளும். மழை பெய்தால் இரண்டுக்கும் நடுவே நீர் புகுந்துவிடும். அந்த நீரை அப்புறப்படுத்துவதற்காகவே டயரில் பள்ளங்கள் வெட்டப்பட்டுள்ளன. அவை அழகுக்காக அல்ல.

நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். டயரின் அகலம் 16 சென்டிமீட்டர், சாலையில் தேங்கிய நீரின் ஆழம் 3 மில்லிமீட்டர், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த டயர் ஒவ்வொரு வினாடியும் 5 லிட்டருக்கு மேல் நீரை ஒதுக்கித் தள்ள வேண்டும்! தேய்ந்து மொட்டையாகிவிட்ட டயரில் நீர் செல்ல வழி ஏது?

நீரை ஒதுக்க முடியாமல் டயர் நீரின்மேல் ஏறி மிதப்பதும் உண்டு. அமெரிக்காவின் நாசா நிறுவனத்தார் 1960-களில் விமானச் சக்கரங்களைக் கொண்டு இதை ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட விதியின்படி, ஆழமாக நீர் தேங்கிய இடத்தில் 30 பவுண்டு காற்றுள்ள மொட்டை டயர் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். காற்று 20 பவுண்டாகக் குறைந்தால் சுமார் 75 கிலோமீட்டரிலேயே மிதக்கும். மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சிலர் எண்ணுவது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும். சேற்றுக்கும் மணலுக்கும் ஏற்ற உபாயம் நனைந்த தார்ச்சாலைக்கு ஏற்றதன்று.

மலைப்பாதையில் யாரும் அந்த வேகத்தில் செல்வதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். இங்கே நேர்வது பெரும்பாலும் மிதத்தல் அன்று, வழுக்கல். அதைப் பற்றி எங்களுக்கு விளக்கியவர்கள் ஓட்டுநர்களே.

ஓட்டுநர்கள் சொன்னவை

பல ஆண்டுகள் மலைப்பாதையில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், "கொட்டுகிற மழையை விட முதல் தூறலுக்குத்தான் அம்மா நான் பயப்படுவேன்" என்றார். வெயில் நாட்களில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் டயர்த் துகளும் முதல் தூறலில் குழைந்து பசைபோல் ஆகிவிடுமாம். பெருமழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். கேரட் மூட்டைகளிலிருந்து நீர் வடியும் இடங்களிலும், தைல மரத்து இலைகள் நனைந்து ஒட்டிக் கிடக்கும் நிழலான வளைவுகளிலும் மழை நின்ற பிறகும் எச்சரிக்கை வேண்டும் என்றார்.

எஸ்டேட் ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர் சொன்னது எங்களுக்கு வியப்பாக இருந்தது. தேயிலைத் தோட்டத்து மண்பாதைக்காக அவர் பெரிய பெரிய கட்டைகள் கொண்ட டயர்களைப் பூட்டியிருக்கிறார். "சேற்றில் இது புலி, தார் ரோட்டில் மழை பெய்தால் பூனை" என்றார். கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாதலால் தாரைத் தொடும் ரப்பர் குறைவு. பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கும் டயரெல்லாம் மழைக்கு நல்ல டயர் ஆகிவிடாது என்று அறிந்தோம்.

உதகையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவர், ஈரத்தில் நல்ல பிடிப்புத் தரும் டயர்களைச் சென்ற ஆண்டு வாங்கினார். முன்பு நனைந்த வளைவுகளில் வண்டியின் முகம் சற்று வெளியே ஒதுங்குமாம். இப்போது திருப்பிய பக்கம் திரும்புகிறதாம். "ஆனால் வளைவுக்கு வளைவு உரசி, பழைய டயரை விடச் சீக்கிரம் தேய்கிறது. ரப்பர் தேய்ந்தால் பணம் போகும். வழுக்கினால் என்ன போகும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். இத்தகைய டயர்களின் ரப்பரில், மணலிலும் காணப்படும் சிலிக்கா என்னும் பொருளைக் கலக்கிறார்கள். பிரான்சு நாட்டு மிச்செலின் நிறுவனம் 1992-இல் இவ்வகை டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குளிரிலும் ஈரத்திலும் அந்த ரப்பர் இறுகாமல் சாலையைப் பற்றிக்கொள்கிறது.

மூவரும் ஒரே குரலில் சொன்னது ஒன்று உண்டு: எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவதும், பிரேக்கை மிதித்தபடியே இறங்குவதும் ஆபத்து. வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கை அழுத்தக்கூடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

சிஸ்டரின் கேள்விக்கு விடை

உருளும் டயர் சாலையைக் கவ்விக் கவ்விச் செல்கிறது. பிரேக்கைத் திடீரென அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு, உருளாமல் தேய்கிறது. தேயும்போது உராய்வு குறையும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி தடுக்கும் ஏ.பி.எஸ். என்னும் கருவி 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. பழைய ஜீப்பில் அது ஏது? சக்கரம் நின்றும் வண்டி நிற்காததன் காரணம் இதுவே.

ஒன்பதாம் வகுப்பில் படித்த இயக்கச் சமன்பாட்டைக் கொண்டு, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்த வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கணக்கிட்டோம். உராய்வெண்ணை உலர்ந்த சாலைக்கு 0.8 என்றும், ஈரச் சாலையில் நல்ல டயருக்கு 0.4 என்றும், மொட்டை டயருக்கு 0.2 என்றும் எடுத்துக்கொண்டோம். சமதளத்தில் விடை முறையே 8, 16, 31 மீட்டர். இதையே 15 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில் கணக்கிட்டால் ஈரத்தில் நல்ல டயருக்கு 19 மீட்டர், மொட்டை டயருக்கு 47 மீட்டர்! ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி ஆனால், அதற்குள் வண்டி கடக்கும் 11 மீட்டர் இதில் சேரவில்லை. அடுத்த வளைவு 47 மீட்டருக்கு முன்பே வந்துவிடும் இடங்கள் நம் சாலைகளில் எத்தனை எத்தனை!

அதே கணக்கில் வேகத்தைப் பாதியாக்கி 20 கிலோமீட்டர் என்று போட்டால் எல்லாத் தூரமும் கால் பங்காகிவிடுகிறது. மொட்டை டயரும் 12 மீட்டரில் நிற்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த டயராலும் தர இயலாத பாதுகாப்பை ஓட்டுநரின் வலக்கால் தருகிறது என்பதை இக்கணக்கால் கண்டுகொண்டோம்.

நாம் செய்யக்கூடியவை

டயரைச் சோதிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. நம் ஜியோமிதிப் பெட்டியே போதும்.

1. ஸ்கேலைப் பள்ளத்தில் வைத்து ஆழத்தை அளக்கலாம். புதிய கார் டயரில் ஏறக்குறைய 8 மி.மீ. இருக்கும். 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. மழைப் பிரதேசத்தில் 3 மி.மீ. வந்ததும் மாற்றுவது நலம் என்பர் வல்லுநர்.

2. பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் காணப்படும். டயரின் மேற்பரப்பு அந்த மேடுகளுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

3. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் உண்டு. 2419 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 24-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. குறைவாக ஓடும் வண்டியில் பள்ளம் ஆழமாகவே இருக்கும். ஆயினும் ரப்பர் கிழடுதட்டி இறுகியிருக்கும்.

4. பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால், அது சுழலும் திசையைக் காட்டுவது. மாற்றிப் பூட்டினால் அந்தப் பள்ளங்கள் நீரைச் சரிவர வெளியேற்றா.

5. காற்றை வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

6. இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவதாயின் புதியவற்றைப் பின்னே பூட்டுவது நல்லது. ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

டயர்கள் ஈரத்தில் காட்ட வேண்டிய பிடிப்புக்கு அளவு வகுத்து, மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் விதி செய்தது. புதிதாக வரும் டயர் வகைகளுக்கு அது அவ்வாண்டு அக்டோபர் முதலே நடைமுறைக்கு வந்தது. ஆனால் கடையில் நல்ல டயராக இருந்தது, தேய்ந்த பிறகும் நல்ல டயராக இருக்கும்படி எந்த விதியாலும் செய்ய முடியாது. அதைப் பார்ப்பது நம் கண்ணின் வேலை.

நாங்கள் அளந்த முதல் வண்டி

இவ்வளவும் படித்தபின், ஒரு சனிக்கிழமை தோழியின் வீட்டுக்குச் சென்று அந்த ஜீப்பை அளந்தோம். பின்சக்கரங்களில் 3 மி.மீ. இருந்தது. முன்சக்கரங்கள் இரண்டிலும் 1 மி.மீ.! ஸ்கேலைப் பிடித்திருந்த தோழி அந்த எண்ணைச் சொல்லத் தயங்கினாள். மாமா கோபிக்கவில்லை. "தெரியும் கண்ணு. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாதபோது டயருக்கு எங்கே போவேன்?" என்றார். எங்களிடம் அதற்குக் கணக்கும் இல்லை, சூத்திரமும் இல்லை. மௌனமாகத் திரும்பினோம்.

திங்கட்கிழமை மழை பெய்தது. மாமா ஜீப்பை எடுக்கவில்லை. "மழை நாளில் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன்" என்று எல்லா வீட்டுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். நாங்கள் அரசுப் பேருந்தில் நின்றுகொண்டு பள்ளிக்கு வந்தோம். அப்படி ஏழு நாட்கள். ஏழு நாள் வாடகையும் அவருக்குப் போயிற்று. பிறகு கடன் வாங்கி இரண்டு டயர் வாங்கினார். டயர்க் கடைக்காரர் புதியவற்றைப் பின்னே பூட்டி, பின்னால் இருந்தவற்றை முன்னே மாற்றினார். எங்கள் பெற்றோர் கூடிப் பேசி, அந்த ஏழு நாட்களுக்கும் உரிய வாடகையை அவரிடம் கொடுத்தார்கள். "ஓடாத வண்டிக்குக் காசா?" என்று அவர் முதலில் மறுத்தார். "ஓட்டாமல் இருந்ததற்குத்தான்" என்று எங்களில் ஒருத்தியின் அம்மா சொன்னார்.

பெற்றோரே, தோழியரே! இன்று மாலை உங்களை அழைத்துச் செல்லும் வண்டியின் அருகே ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். தேய்ந்திருந்தால் ஓட்டுநரைக் குறை கூறாமல், அவரோடு அமர்ந்து வழி தேடுங்கள். அந்த நான்கு உள்ளங்கை ரப்பரை நம்பித்தான் அவரும் நம்மோடு பயணம் செய்கிறார்.

மொட்டையான டயர்களுள் ஒன்று இப்போது எங்கள் ஊர்க் கொய்யா மரத்தில் ஊஞ்சலாகத் தொங்குகிறது. அதற்கு ஏற்ற வேலை அதுதான்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, தோழியர் சார்பில்