அடி கருத்த தக்காளி

அன்புள்ள தம்பிக்கு,

மஞ்சக்குப்பம் வீட்டுக் கொல்லையில் நீ வைத்த ரோமாத் தக்காளியில் காய்களின் அடி கருத்து, செருப்புத் தோல் மாதிரி அமுங்கிக் கிடக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருந்தாய். மருந்து எதுவும் வாங்காதே. அது பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை.

காய்கறிக் கடையில் "நாடா, பெங்களூரா?" என்று கேட்பார்களே, அதில் பெங்களூர்த் தக்காளியின் சாயல் ரோமாவுக்கு: நீளம், கெட்டித் தோல். ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார். நாட்டுத் தக்காளியில் பல அறைகள், எல்லாவற்றிலும் புளிப்புச் சாறு. ரோமாவில் இரண்டோ மூன்றோ அறைதான், மீதி முழுக்கச் சதை. ரசத்துக்கு நாட்டுத் தக்காளியை அடித்துக்கொள்ள ஆளில்லை. தொக்குக்கு ரோமாதான், சீக்கிரம் சுண்டிவிடும். லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இதே வாகில் ஒரு ரகம் கொடுத்து, 'பஞ்சாப் சுஹாரா' என்று பெயர் வைத்தது. சுஹாரா என்றால் உலர்ந்த பேரீச்சை.

இந்த நீளம்தான் இப்போது வினையாகியிருக்கிறது. காயின் சதை உறுதியாகக் கட்டுவதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அது வேரிலிருந்து தண்ணீரோடு மட்டுமே ஏறும். வெயிலில் இலைகள் தண்ணீரை இழுக்கிற வேகத்துக்குக் காயால் இழுக்க முடியாது. ஆகவே இலைக்குப் போனது போக மிச்சம்தான் காய்க்கு. அதிலும் காம்பிலிருந்து தள்ளியிருக்கும் அடிப்பாகம் பந்தியில் கடைசி ஆள். இரண்டு நாள் மண்ணைக் காயவிட்டு மூன்றாம் நாள் குழாயைத் திறந்து குளம் கட்டினால், கடைசி ஆளின் இலை வெறுமையாகவே இருக்கும். அந்த இடத்துச் செல்கள் செத்துக் கருத்துப்போகும். மண்ணில் சத்து இருந்தும் இது நடக்கும். முட்டை ஓட்டை நசுக்கிப் போடச் சொல்வார்கள். அது மக்கிச் செடிக்குச் சேர்வதற்குள் இந்தக் காய்ப்பே முடிந்துவிடும்.

கருத்த காய்களை இன்றே கிள்ளி எடு. தினமும் காலையில் ஒரே அளவு தண்ணீர் விடு. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தால் ஈரம் தட்டுப்பட வேண்டும். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புச் சோகை கிடைக்கும், அதைத் தூரைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பரப்பு. யூரியாவை நிறுத்து, அது இலையைத்தான் வளர்க்கும். பக்கக் கிளைகளை ஒடிக்காதே. ரோமா ஓர் உயரத்தோடு நின்றுவிடும் செடி, கிளையில்தான் காய்க்கும். செடிக்கொரு மூங்கில் குச்சி போதும்.

இன்னொன்று, நீ நட்டது மாசியில். நம் ஊரில் அது தாமதம்.

இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேல் போனால் தக்காளி மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். சித்திரை, வைகாசியில் கடலூர் இரவு அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். பகலிலும் 30ஐத் தாண்டியதும் சிவப்பு நிறமியான லைக்கோபீன் சரியாக உருவாகாது. பழம் மஞ்சள் கலந்த ஆரஞ்சாக நின்றுவிடும்.

அதற்காக ஐப்பசி மழையிலும் நட முடியாது. கெடிலம் ஆற்று ஓரம் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுவிடாது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் நம் கரையைத் தாண்டியபோது பண்ருட்டிப் பலாவும் முந்திரியுமே வேரோடு சாய்ந்தன, தக்காளி எம்மாத்திரம்? ஐப்பசிக் கடைசியில் தாழ்வாரத்தில் தட்டில் விதை. 25 நாள் நாற்றை மழை விட்ட கையோடு, முதல் இலைவரை மண்ணுக்குள் போகும்படி நடு; புதைந்த தண்டிலும் வேர் விடும். தை மாதக் குளிரில் பூக்கும், மாசி பங்குனியில் பறிக்கலாம். கத்தரியோ மிளகாயோ இருந்த இடம் வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம், வாடல் நோய் மண்ணிலேயே காத்திருக்கும்.

விதைக்கும் முன்னால் பாலூர் போய் வா. பண்ருட்டி சாலையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாலூர் 1 கத்தரி தந்த இடம். நம் மண்ணுக்கு எது தேறும் என்று அவர்களையே கேள். கையோடு செண்டுமல்லி விதையும் வாங்கு. தக்காளிக்குப் பதினைந்து நாள் முன்பே அதை விதைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லிக்கே முதலில் போகும்.

அன்புடன்,
பெரியப்பா