உறைவிடத் தேர்வு

கல்வி வேண்டி ஊர்விட்டு ஊர் செல்லுதல் தமிழ் மாணாக்கர்க்குப் புதியதன்று. ஓட்டப்பிடாரத்தில் 1872 இல் பிறந்த வ. உ. சிதம்பரனார், தூத்துக்குடிப் பள்ளிகளிற் பயின்றபின் திருச்சிராப்பள்ளியிலே தங்கிச் சட்டம் கற்று, 1894 இல் தேறினார். எட்டயபுரத்துப் பாரதியார், 1898 இல் தந்தையை இழந்தபின், காசியில் அத்தை குப்பம்மாள் இல்லத்தில் தங்கிப் பயின்றார்.

இன்றும் முத்துக்குளித்துறைச் சிற்றூர் மாணாக்கர் பலர் தேர்வுப் பயிற்சி நாடி நகர்களுக்குச் செல்கின்றனர். வலையிலும் உப்பளத்திலும் பெற்றோர் ஈட்டிய பொருளே அவர்கட்கு முதல். வாடகை குறைவென்று தொலைவில் அறை கொள்வோர், பேருந்துக் கட்டணத்திலும் பயண நேரத்திலும் அவ்வூதியத்தை இழப்பர். பயிற்சி நிலையத்தார் காட்டும் விடுதியாயினும், பெரியோருடன் சென்று நேரிற் காண்டல் நன்று. குடிநீர், காற்று, விளக்கு, அமைதி, காவல் ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும். இடையில் விலக நேரின் முன்பணம் மீளுமோ என வினவி, விடையை எழுத்திற் பெறுதல் வேண்டும்.

யாவற்றினும் தலையாயது உடனுறைவோர் இயல்பை அறிதல். முன்னாளில் முத்துக்குளிப்போன், தோணியிலிருந்து கயிறு பற்றும் பொறுப்பைத் தன் மைத்துனனிடமே விடுவான் என்பர். அவன் உயிர் அக்கயிற்றில் இருந்தது. நல்ல துணையைத் தேர்ந்த மாணாக்கனே அறிவுக்கடலில் அஞ்சாது மூழ்கி முத்தெடுப்பான்.