புரை நீக்கிய கண்ணுக்கு எந்த வில்லை?

அறுபது வயதைக் கடந்தவர்களுக்குக் கண்ணில் புரை விழுதல் இயல்பு. அதனை நீக்கிவிட்டால் பார்வை திரும்பும் என்பதும் இன்று பெரும்பாலோர் அறிந்ததே. ஆயினும், "எந்த லென்சு வைக்கட்டும்?" என்று மருத்துவமனையில் வினவும்பொழுது விவசாயப் பெருமக்கள் திகைத்துப் போகின்றனர். கையில் தரப்படும் விலைப்பட்டியலிலோ ஒன்றுக்கொன்று பல மடங்கு வேற்றுமை காணப்படுகிறது. விலை மிகுந்ததே பார்வைக்கு உகந்தது என்றெண்ணிக் கறவை மாட்டை விற்போர் சிலர். அவ்வளவு பணமில்லையே என்று சிகிச்சையையே தள்ளிப்போடுவோர் பலர். இவ்விரு சாராருக்கும் பயன்படும்பொருட்டு இவ்வில்லைகளைப்பற்றிச் சிறிது விளக்க விரும்புகிறோம்.

கண்ணின் பாவைக்குப் பின்னால் இயற்கையாகவே ஒரு வில்லை அமைந்துள்ளது. தெளிவாக இருந்த அது மங்கிப்போவதே புரை. மங்கியதை எடுத்தபின், ஒளியைக் குவிக்க அவ்விடத்தில் வேறொன்று வேண்டும். முன்னாளில் அதற்கு ஈடாகக் கனத்த கண்ணாடி தந்தனர். 'சோடாப்புட்டிக் கண்ணாடி' என்று ஊரார் கேலி செய்தது அதனைத்தான். அதன் வழியே பொருள்கள் ஏறத்தாழக் கால் பங்கு பெருத்துத் தோன்றும். பக்கப் பார்வை குறையும். வரப்பில் நடப்பவர் அடி தவறுவார். இத்துன்பத்திற்கு மாற்றுக் கண்டவர் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஹெரால்டு ரிட்லி ஆவார். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் பாய்ந்த பிளாஸ்டிக் சில்லுகள், உள்ளேயே தங்கியும் கண்ணைப் புண்ணாக்கவில்லை என்பதை அவர் கவனித்தார். அவ்வகைப் பிளாஸ்டிக்கினாலேயே வில்லை செய்து, 1949 நவம்பர் 29-ஆம் நாள் முதன்முதலாக ஒரு கண்ணுக்குள் வைத்தார். நெடுங்காலம் இவ்வில்லைகள் நம் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த அரோலேப் 1992-இல் தொடங்கப்பட்டு, குறைந்த விலையில் இங்கேயே செய்யத் தலைப்பட்டபின் நிலைமை மாறிற்று. இன்று அரசு மருத்துவமனைகளில் வில்லை இலவசமாகவே வைக்கப்படுகிறது.

வில்லையின் விலையைக் கேட்குமுன் அதன் அளவைக் கேட்டல் வேண்டும். காலுக்குச் செருப்புப்போலக் கண்ணுக்கு வில்லை அளவாக அமைய வேண்டும். கருவிழியின் வளைவையும், கண்ணின் முன்பின் நீளத்தையும் கருவிகளால் அளந்து, எத்தனை 'டையாப்டர்' சக்தியுள்ள வில்லை பொருந்தும் என்று கணக்கிடுகின்றனர். பலருக்கு இது 20-ஐ ஒட்டி அமையும். நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால், சக்தியில் ஏறத்தாழ இரண்டரை டையாப்டர் தவறிவிடும். அப்பொழுது எத்துணை விலையுள்ள வில்லையும் தனித்துத் தெளிந்த பார்வையைத் தராது. மேலும் ஒரு கண்ணாடி அணிந்தே தீர வேண்டும். சரியாக அளந்து வைத்த எளிய வில்லை, தவறாக அளந்து வைத்த உயர்ந்த வில்லையினும் மேலானது.

புரை நன்றாக முற்றட்டும் என்று காத்திருப்பது பழைய வழக்கம். இன்று அதற்குத் தேவையில்லை. முற்றிய புரையினூடே ஒளி செல்லாதாகையால், ஒளியைக்கொண்டு அளக்கும் கருவி பயன்படாமற்போய், ஒலி அலையைக்கொண்டு அளக்க நேரிடும். அஃது ஒரு பெரிய குறையன்று. ஆனால், மிக முற்றிய புரை வீங்கிக் கண்ணின் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பையே கெடுத்துவிடவும் கூடும். நரம்பு கெட்டபின் எந்த வில்லையாலும் பயனில்லை.

இனி, வகைகளைக் காண்போம். பெரும்பாலோருக்கு வைக்கப்படுவது ஒரே தூரத்திற்குக் குவியும் வில்லை. வழக்கமாக இதனைத் தூரப் பார்வைக்கே அமைப்பர். வயல், வழி, மாடு, வருகிற பேருந்து யாவும் தெளிவாகத் தெரியும். படிப்பதற்கும் ஊசியில் நூல் கோப்பதற்கும் மட்டும் வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும். உழவுத் தொழில் செய்வோருக்கு இதுவே போதும் என்பது நம் கருத்து. தறியில் அமர்பவரும், தையற்காரரும், பொற்கொல்லரும் தம் தொழிலை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், கிட்டத்துப் பொருளுக்கு ஏற்பவும் சக்தியைத் தேர்ந்தெடுக்க இயலும். பெரியவர்கள் மருத்துவர் முன் இதைச் சொல்லக் கூசுவார்கள். பல இடங்களில் யாரும் கேட்பதுமில்லை.

தூரம், கிட்டம் இரண்டிற்கும் கண்ணாடி வேண்டாத பலகுவிய வில்லை என்பது விலை மிகுந்தது. இது உள்ளே வரும் ஒளியைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. அதனால் இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தோன்றலாம். மங்கிய வெளிச்சத்தில் ஒரு பொருளை மற்றொன்றினின்று பிரித்தறிவது சற்றுக் கடினமாகலாம். நள்ளிரவில் மின்சாரம் வரும்பொழுது டார்ச்சு விளக்குடன் மோட்டார் போடச் செல்லும் விவசாயிக்கு, வரப்பில் கிடப்பது கயிறா பாம்பா என்று தெரிவது, கண்ணாடியின்றிச் செய்தித்தாள் படிப்பதைவிட முக்கியமல்லவா? மேலும், நீரிழிவினால் விழித்திரை பழுதுற்றவர்களுக்கும், கண் அழுத்த நோயினால் நரம்பு கெட்டவர்களுக்கும் இவ்வகை பொதுவாக ஏற்றதன்று. பகலில் அலுவலகத்தில் அமர்ந்து ஓயாமல் எழுதுபவர், வளையங்களைப் பொறுத்துக்கொள்ள இசைந்தால், வாங்கலாம்.

கருவிழியின் வளைவு எல்லாப் புறமும் ஒன்றாக இல்லாதவர்களுக்கு டோரிக் என்னும் வில்லை உண்டு. அளந்த பின்னரே அதன் தேவை தெரியும். எல்லாருக்கும் அது வேண்டியதில்லை.

மடியும் வில்லையா, மடியாத வில்லையா என்ற வினாவும் எழுகிறது. மடிப்பதை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை வழியே செலுத்தலாம். மடியாததற்குச் சுமார் ஆறு மில்லிமீட்டர் வேண்டும். சிறு துளை விரைவில் ஆறும். ஆயினும், பெரிய துளையையும் தையலின்றித் தானே மூடிக்கொள்ளுமாறு அமைக்கும் முறை இருக்கிறது. நேபாளத்தில் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. ஆறு மாதங்களுக்குப்பின் இரு சாராரின் பார்வையும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தது.

சிகிச்சை முடிந்து சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ பார்வை மீண்டும் மங்கினால், "மட்டமான லென்சு வைத்துவிட்டார்கள்" என்று ஊரில் பேச்சு எழும். வில்லையைத் தாங்கும் மெல்லிய பை மங்குவதே அதன் காரணமாகப் பெரும்பாலும் இருக்கும். லேசர் ஒளியால் சில நிமிடங்களில் அதைச் சரிசெய்யலாம். வில்லையை மாற்ற வேண்டுவதில்லை. ஆனால் கண் திடீரெனச் சிவந்து வலித்தால், ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் வார்டில் பார்வை மங்கிய முதியோரின் பட்டியலை எழுதி வைத்திருப்பது நன்று. முகாமில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மருத்துவமனைக்குச் செல்லும்பொழுது, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அனுப்பலாம். அவர் முதியவரின் தொழிலையும், நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றிற்கு உட்கொள்ளும் மருந்துகளையும் மருத்துவரிடம் தெரிவிப்பார். சொட்டு மருந்து விடும் முறையையும் கேட்டு வருவார். வைத்த வில்லையின் வகையும் சக்தியும் குறித்த சீட்டைக் கேட்டுப் பெற்று, குடும்ப அட்டையுடன் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாம் கண்ணுக்குச் சிகிச்சை செய்யும் மருத்துவர் முதலில் கேட்பது அதனைத்தான்.