வெளிவரும் மதிப்பை ஏந்துவது எது?

ஜாவா புரோகிராமிலிருந்து டேட்டாபேஸில் உள்ள ஸ்டோர்டு புரொசீஜர் ஒன்றை மைபாட்டிஸ் வாயிலாக அழைக்க முற்படுகிறவர், அழைப்பு வாக்கியத்தை எழுதுவதிலே அதிகக் கஷ்டம் காண்பதில்லை. ஸ்டேட்மெண்ட்டின் வகையைக் காலபிள் என்று குறித்து, நெளிவு அடைப்புக்குள் 'கால்' என்பதையும் புரொசீஜரின் பெயரையும் இட்டு, ஒவ்வொரு பாராமீட்டரும் உள்ளே செல்வதா, வெளியே வருவதா, இரண்டுமா என்பதற்கேற்ப இன், அவுட், இன்அவுட் ஆகியவற்றில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அந்தக் காரியம் முடிந்தது. உண்மையான சங்கடம், வெளியே வரும் மதிப்பு எங்கே வந்து சேருகிறது என்பதில்தான் இருக்கிறது. மேப்பர் மெதட் திருப்பித் தருவதிலே அது வருமென்று எதிர்பார்ப்பது சகஜம். மைபாட்டிஸின் சம்பிரதாயமோ வேறு. நாம் எந்த ஆப்ஜெக்ட்டை ஒப்படைத்தோமோ, அதிலேயே, குறித்த பெயருடைய இடத்தில், அது எழுதப்படுகிறது. பால் வாங்க அனுப்புகிறவன் கையில் எந்தப் பாத்திரத்தைக் கொடுத்தோம் என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

ஊழியர் எண்ணைப் பெற்றுக்கொண்டு சம்பளத்தைத் தரும் புரொசீஜர் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். இதற்குப் பலர் முதலில் நாடுவது மேப். புதிதாக ஒரு கிளாஸ் எழுத வேண்டியதில்லை. எண்ணை இட்டு அனுப்பினால் சம்பளம் அதே மேப்பில் வந்து அமர்கிறது. ஆனால் சாவியின் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் ஆட்சேபிப்பார் எவருமின்றி 'நல்' மட்டுமே கைக்கு வரும். அன்றியும், மேப்புக்குள் இருக்கும் மதிப்பின் வகையை மைபாட்டிஸ் ஊகிக்க வழியில்லையாதலால், நியூமெரிக் என்று குறித்த சம்பளம் பிக்டெசிமலாக வந்து, இன்டிஜராக மாற்ற முனைகிற இடத்தில் புரோகிராம் தடுக்கி விழுகிறது. ஜாவா வகையையும் சேர்த்துக் குறிப்பது இதற்குப் பரிகாரம். ஒருமுறை ஓட்டிப் பார்த்து எறியப்போகும் காரியங்களுக்கு மேப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

நிலைத்து நிற்க வேண்டிய புரோகிராமுக்கு, அந்த அழைப்புக்கென்றே ஒரு சிறு கிளாஸ் எழுதுவதுதான் சிலாக்கியம். வகைகள் நிச்சயமாகின்றன, பிறகு படிக்கிறவருக்கு எது போகிறது, எது வருகிறது என்பது கிளாஸைப் பார்த்த மாத்திரத்திலே விளங்கும். இங்கே நவீன மோகத்தால் ரெக்கார்டை உபயோகித்துவிடக் கூடாது. உருவாக்கியபின் மாறாத தன்மையே அதன் லட்சணமாதலால், வந்த மதிப்பை ஏற்கும் சக்தி அதற்கில்லை.

மூன்றாவது வழி, பாரம் என்ற அனோடேஷனால் பெயரிட்டுப் பல ஆர்க்யுமெண்ட்டுகளைத் தனித்தனியே அனுப்புவது. உள்ளே செல்வன மட்டுமே உள்ள புரொசீஜருக்கு இதைவிட அழகான வழி இல்லை. ஆனால் வெளிவருவது ஒன்றிருந்தால், மைபாட்டிஸ் அந்த ஆர்க்யுமெண்ட்டுகளைத் தானே உண்டாக்கிய ஒரு மேப்பில் அடுக்கி, அதிலேயே சம்பளத்தையும் எழுதி, வேலை முடிந்ததும் விட்டுவிடுகிறது. பிழைச் செய்தி ஏதும் வராது, நம் கையில் மதிப்பும் இராது. தனி ஆர்க்யுமெண்ட்டுகளே வேண்டுமென்று பிடிவாதமுள்ளவர், அவற்றுள் ஒன்றை ஆப்ஜெக்ட்டாக வைத்து, அதன் பெயரையும் புள்ளியையும் அடுத்துச் சம்பளத்தின் பெயரை எழுதினால் தப்பலாம்.

ஐபாட்டிஸ் காலத்துப் பாராமீட்டர்மேப் இன்னும் சில பழைய கோப்புகளில் உயிரோடிருக்கிறது. கைவிடத்தக்கதென்று மைபாட்டிஸின் கையேடே சொல்லிவிட்டபடியால் புதிதாக எழுதுவோர் அதைத் தீண்ட வேண்டியதில்லை.

எந்த வழியை ஏற்றாலும், அவுட் பாராமீட்டருக்கு ஜேடிபிசி வகையைக் குறித்தே ஆக வேண்டும். இல்லையேல் புரொசீஜர் ஓடுமுன்பே எக்ஸெப்ஷன் எழும். ஆரக்கிளின் ரெஃப் கர்ஸரை வாங்குவதானால் வகையைக் கர்ஸர் என்று சொல்லி, ரிசல்ட்மேப் ஒன்றையும் இணைத்தால், வரிசைகள் லிஸ்ட்டாகி நாம் கொடுத்த ஆப்ஜெக்ட்டிலேயே வந்து சேரும். மைஎஸ்க்யூஎல்லில் புரொசீஜர் வெறுமனே செலக்ட் செய்து தந்துவிட்டால் அவுட்டே அவசியமில்லை. சாதாரண ரிசல்ட்மேப் போதுமானது. ஆரக்கிளில் உள்ளே செல்லும் மதிப்பு நல்லாக இருக்கக்கூடுமானால் அதற்கும் ஜேடிபிசி வகையைச் சொல்வது நலம். சொல்லாவிடில் 1111 என்ற எண்ணோடு கூடிய பிழை வரும், அதர் என்ற வகைக்கு ஜேடிபிசி இட்ட எண் அதுவே.

இனி, அழைப்பைச் செலக்ட் என்று எழுதுவதா, அப்டேட் என்று எழுதுவதா என்ற கேள்வி. படிப்பதற்கான புரொசீஜரைச் செலக்ட்டாக எழுதி, இரண்டாம் நிலைக் கேஷையும் வைத்திருப்போர், அவுட் பாராமீட்டர் இருக்கும் இடத்தில் யூஸ்கேஷ் என்பதை ஃபால்ஸ் ஆக்க வேண்டும். இல்லையேல் கேஷ் செய்ய இயலாதென்று மைபாட்டிஸ் மறுத்துவிடும். புரொசீஜர் டேட்டாவை மாற்றுவதாயின், செஷனை நேரே கையாள்கிறவர் அப்டேட்டாகவே எழுதுவது மேல். செலக்ட் மட்டுமே நடந்ததாக எண்ணும் செஷன், நாம் கமிட் என்று சொன்னாலும் கமிட் செய்யாது விட்டுவிடும். வரிசைகளையும் பெற வேண்டியிருப்பதால் செலக்ட் தவிர்க்க முடியாததென்றால், 3.5.12 பதிப்பு முதல் உள்ள அஃபெக்ட்டேட்டாவை ட்ரூ என்று குறிக்கலாம்.